கடலுக்குள் நடந்தே போவது எப்படி? துலாம்பென் கரையில் முதல் ஸ்கூபா டைவ்

நம்மில் பெரும்பாலானோர் ஸ்கூபா கற்றுக்கொள்வது புதுச்சேரியிலோ அந்தமானிலோதான். புதுச்சேரி என்றால் படகு. ஓரத்தில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் வேலை முடிந்தது, மேலே வந்ததும் யாராவது கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள், பிஸ்கட்டும் கிடைக்கும். அந்தமானில் சில இடங்களில் கரையிலிருந்தே இறக்குவார்கள், ஆனால் அங்கே காலடியில் மணல், தொட்டில் மாதிரி அசையும் தண்ணீர். இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, சட்டைப்பையில் ஓப்பன் வாட்டர் அட்டை (முதல் நிலைப் பயிற்சி முடித்ததற்கான சான்று) இருக்கிற தைரியத்தில், பாலித் தீவின் துலாம்பென் கரையில் போய் நின்றேன். கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. கரைதான் புரட்டி எடுத்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் ஆழத்தில் என்ன செய்வது என்பதைவிட, இறங்கும்போதும் ஏறும்போதும் கரையோரத்துப் பத்து மீட்டர் தூரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் அதிகம் எழுதப் போகிறேன். பயிற்சி முடித்து, அட்டை வாங்கி, இதுவரை படகிலிருந்து மட்டும் குதித்தவர்களுக்கானது இது. பயிற்சியே எடுக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு டேங்கை மாட்டிக்கொள்ள வேண்டாம். மூன்று நான்கு நாள் ஒதுக்கி ஒரு பள்ளியில் முறையாகக் கற்றுக்கொண்டு வாருங்கள், துலாம்பென்னிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஏன் துலாம்பென்

பாலியின் வடகிழக்குக் கரையில், அகுங் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். டென்பசார் விமான நிலையத்திலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். கரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு கப்பல் கரைக்கு இணையாகச் சாய்ந்து கிடக்கிறது. யுஎஸ்ஏடி லிபர்ட்டி என்ற அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல், 120 மீட்டருக்கு மேல் நீளம். 1942 ஜனவரியில் பக்கத்துத் தீவான லொம்பொக் அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் அடித்தது. இரண்டு போர்க்கப்பல்கள் கட்டி இழுத்துக்கொண்டு போகும் வழியிலேயே தண்ணீர் ஏறிவிட்டதால், துலாம்பென் கரையில் தரை தட்ட வைத்துச் சரக்கை இறக்கிக்கொண்டார்கள். அப்புறம் இருபது வருடம் கப்பல் கரையிலேயே கிடந்தது. 1963-ல் அகுங் வெடித்தபோது நிலம் அதிர்ந்து, கப்பல் சரிந்து தண்ணீருக்குள் போனது. இப்போது அதன் மேல்பகுதி சுமார் 5 மீட்டரில், அடிப்பகுதி 30 மீட்டர் வரை. உடம்பு முழுக்கப் பவளமும் கடற்பஞ்சும் விசிறிப் பவளமும். (பெயரைப் பார்த்து இரண்டாம் உலகப்போரில் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட ‘லிபர்ட்டி’ ரகக் கப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இது அதற்கும் முந்தையது, 1918-ல் கட்டியது.)

புதியவர்களுக்கு இதில் என்ன லாபம் என்றால், ஓப்பன் வாட்டர் அட்டைக்கு உரிய 18 மீட்டருக்கு மேலேயே கப்பலின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். நீரோட்டமும் பெரும்பாலும் மந்தம். கப்பல் வேண்டாம், பவளம் போதும் என்றால் அதே கரையில் கொஞ்சம் நடந்தால் கோரல் கார்டன், 2 மீட்டரில் தொடங்கும். இன்னும் கிழக்கே போனால் 1963 எரிமலைக் குழம்பு கடலுக்குள் இறங்கி உறைந்த இடம் சுவர் மாதிரி நிற்கிறது, டிராப் ஆஃப் என்பார்கள். அது 60 மீட்டருக்கும் கீழே போகும் என்பதால் ஆழத்தைக் கவனிக்கத் தெரியாதவர்கள் அங்கே முதல் நாள் போக வேண்டாம்.

கரையிலிருந்து டைவ் செய்ய உலகில் இன்னும் பெயர்போன இடங்கள் உண்டு. கரீபியனில் போனேர் தீவில் சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் இடத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள், வாடகை வண்டியில் டேங்குகளை ஏற்றிக்கொண்டு கல்லைப் பார்த்து நிறுத்தி இறங்க வேண்டியதுதான். எகிப்தில் தஹாப் இன்னொன்று. இங்கே சொல்லும் முறை அங்கெல்லாமும் பொருந்தும்.

எப்போது போவது

ஏப்ரல் முதல் நவம்பர் வரை மழை குறைவு. அதில் ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று. கரையில் அலை பெரிதாக இருக்கும், தண்ணீரும் கொஞ்சம் குளிரும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை. ஓடைகள் கொண்டுவரும் சேறு தண்ணீரைக் கலக்கிவிடும். முதல் முறை என்றால் மே, ஜூன் அல்லது அக்டோபர் என்பேன். மார்ச்சை ஒட்டிப் போகிறவர்கள் ஞெப்பி என்கிற பாலி வருடப்பிறப்பு என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தீவே வாய்மூடி இருக்கும், விமான நிலையத்தைக்கூட ஒரு நாள் முழுக்க மூடிவிடுவார்கள், டைவ் எல்லாம் கிடையாது, அறையை விட்டு வெளியே வரவே கூடாது.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். தெற்கே கூத்தா, சனூர் பக்கமிருந்து வரும் கூட்டம் ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேரும். துலாம்பென்னிலேயே தங்கி, விடியும்போது இறங்குங்கள். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாகக் கப்பலில் தூங்கி எழுந்து கிளம்புகிற நேரம் அது. பெரியவை ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். காலை ஆறு மணிக்குத் தயிர்க்காரர் மாடு ஓட்டிக்கொண்டு போவதுபோல வரிசையாகப் போகும்.

எதை எடுத்துப் போவது, எதை வாடகைக்கு எடுப்பது

மாஸ்க் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். முகத்துக்குப் பொருந்தாத வாடகை மாஸ்க்கால் கெட்டுப்போகிற டைவ்கள்தான் அதிகம். கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க் வாங்கிவிடுங்கள். புது மாஸ்க் என்றால் உள்பக்கம் பற்பசை தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை முறை துப்பித் தேய்த்தாலும் பனி மூடும்.

அடுத்து காலணி. இங்கேதான் கரை டைவ் வேறு உலகம். துலாம்பென் கரையில் மணல் கிடையாது. தேங்காய் அளவிலிருந்து பூசணிக்காய் அளவு வரை உருண்டைக் கருங்கற்கள், எரிமலை கொடுத்தவை. ஈரத்தில் வழுக்கும், காலடியில் உருளும். வெறுங்காலை உள்ளே நுழைக்கிற முழுப்பாத ஃபின்ஸ் (நீந்தக் காலில் மாட்டுகிற துடுப்பு) இங்கே உதவாது. கெட்டியான அடிப்பாகம் உள்ள டைவ் பூட்ஸ், அதன்மேல் மாட்டுகிற, குதிகாலில் வார் வைத்த ஃபின்ஸ் — இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். “அளவு சரியாகத்தான் இருக்கும்” என்று அவர்கள் சொன்னாலும் போட்டு நடந்து பாருங்கள்.

3 மி.மீ. வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போதும், குளிர் தாங்காதவர்களுக்கும் ஆகஸ்டில் போகிறவர்களுக்கும் 5 மி.மீ. வெயிலுக்குக் கை, முகம் எல்லாம் சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு தண்ணீரில் இறங்குவதைவிட முழுக்கைச் சட்டை போடுவது பவளத்துக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிற டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும்; கூட்டாளியுடையதை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்பது நடக்காது, ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே ஆழத்தில் ஒரே நேரம் இருப்பதில்லை. திசைகாட்டி, சுருட்டி வைக்கிற மிதவைக் குழாய், ஒரு விசில், இவ்வளவுதான். கேமரா? முதல் இரண்டு நாள் அறையிலேயே இருக்கட்டும். இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

உடம்பைப் பற்றி ஒரு வரி. சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், அதன் வேகம் கீழே இருக்கும்போது குறைந்து, மேலே வரும்போது காதிலோ நெற்றியிலோ காற்று மாட்டிக்கொள்ளும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, கர்ப்பம் என்றால் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும், படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடிக்கிற நம் வழக்கம் இங்கே ஆபத்து. டைவிங்குக்கான காப்பீடும் எடுங்கள். வேகமாக மேலே ஏறினால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி நோயாகும்; அதற்கான அழுத்த அறை சிகிச்சைக்கு டென்பசார் பக்கம் போக வேண்டும், அதாவது சுமார் மூன்று மணி நேரத் தூரம்.

இறங்குவதற்கு முன் கால் மணி நேரம்

வந்ததும் வெட்சூட்டை மாட்டாதீர்கள். கரையில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். நம்மூர்க் கட்டுமரக்காரர்கள் கரையில் நின்று எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்களே, அவர்கள் சும்மா நிற்பதில்லை. அலை கூட்டம் கூட்டமாக வரும்: நாலைந்து பெரியது, அப்புறம் கொஞ்ச நேரம் ஓய்வு. அந்த ஓய்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று இரண்டு மூன்று தடவை எண்ணிப் பாருங்கள். நீங்கள் நுழைய வேண்டிய கதவு அதுதான். ஏற்கெனவே நீருக்குள் இருப்பவர்களின் காற்றுக்குமிழ்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன, நங்கூரமிட்ட படகின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் நீரோட்டம் தெரிந்துவிடும். வெளியே வரும் இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அங்கே தண்ணீரிலிருந்து அடையாளம் தெரிகிற மாதிரி ஒன்றை, கோவில் கோபுரமோ நீலக் கூரையோ, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலை உங்கள் தலைக்கு மேல் உடைகிறது என்றால் அன்றைக்கு டைவ் இல்லை. காசு கட்டியாயிற்றே என்ற நினைப்பு வரும். காபி குடித்துவிட்டு மறுநாள் வாருங்கள்.

கரையில் பூவும் பச்சரிசியும் வைத்த சின்ன ஓலைத் தட்டுகள் கிடக்கும். படையல் அது. பூட்ஸ் காலோடு மிதித்துவிடாதீர்கள்.

டேங்கை யார் தூக்குவது? 11 லிட்டர் அலுமினிய டேங்க் நிரம்பிய நிலையில் 16, 17 கிலோ. காற்று ஏற்றி மிதக்க உதவும் காற்றுச் சட்டை, டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், அமிழ்வதற்கான ஈயக்கட்டி எல்லாம் சேர்த்தால் 25 கிலோவுக்கு வரும். அதைச் சுமந்துகொண்டு உருளும் கற்களில் வெயிலில் நடந்தால் தண்ணீரைத் தொடும் முன்பே மூச்சு வாங்கும், மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குகிறவருக்குக் காற்று பாதி நேரம்கூட வராது. துலாம்பென்னில் இதைச் செய்வதற்கென்றே ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள். சும்மாடு வைத்து, தலையில் டேங்கை ஏற்றி, சில பேர் ஒரே நேரத்தில் இரண்டு, அந்தக் கற்களில் ரப்பர் செருப்போடு நடந்து போவார்கள். பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். ஆனாலும் அவர்களிடமே கொடுங்கள், கூலியை ஒழுங்காகக் கொடுங்கள், அது அவர்களின் பிழைப்பு. ‘நானே தூக்குவேன்’ என்ற வீரத்தில் யாருக்கும் லாபம் இல்லை.

தண்ணீர் ஓரத்தில் மாட்டிக்கொண்டதும் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். சட்டையில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா. ஈயம் இருக்கிறதா, அவசரத்தில் கழற்ற எது வழி. வார்கள் எல்லாம் பூட்டியிருக்கிறதா. டேங்க் முழுக்கத் திறந்திருக்கிறதா. கடைசியைக் கையால் தொட்டுச் சோதித்தால் போதாது, ரெகுலேட்டரில் நாலைந்து முறை மூச்சு இழுத்துக்கொண்டே, டேங்கில் இருக்கிற காற்றைக் காட்டும் அழுத்தமானியைப் பாருங்கள். முள் துடித்தால் டேங்க் சரியாகத் திறக்கவில்லை. அப்படியே கூட்டாளியின் மாற்று ரெகுலேட்டர் எங்கே தொங்குகிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைவது

இங்கே அவசரம் வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில். தண்ணீர் முழங்காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டும் இடத்தில் இருக்க வேண்டும், பேச்செல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சட்டையில் பாதி காற்று; விழுந்தால் மிதக்க வேண்டும் என்பதற்காக. ஃபின்ஸ் காலில் வேண்டாம், ஒரு கையில் வார் வழியாக மணிக்கட்டை நுழைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கை கூட்டாளியின் தோளில் அல்லது வழிகாட்டியின் கையில்.

எண்ணி வைத்த ஓய்வு வந்ததும் நடக்கத் தொடங்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல், கல்லைத் தடவி, இழுத்து இழுத்து வைக்க வேண்டும். சேற்று வயலில் நடந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு கால் உறுதியாக நின்றபிறகுதான் அடுத்தது. அலை வந்தால் நெஞ்சைக் காட்டி நிற்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, அது கடந்து போகிறவரை அசையாமல் நின்று, அப்புறம் அடுத்த அடி. பின்னால் திரும்பி ஓடுவதுதான் ஆகப்பெரிய தப்பு. அலை முதுகில் இருக்கிற டேங்கைத்தான் பிடித்துத் தள்ளும்.

இடுப்பளவு வந்ததும் நடையை விட்டுவிட்டு முன்பக்கமாகச் சாய்ந்து மிதந்துவிடுங்கள். புதியவர்கள் நெஞ்சளவு வரை நடந்தே போகப் பார்ப்பார்கள், அந்த ஆழத்தில்தான் அலை நம்மைத் தூக்கிக் கற்களில் போடும். மிதந்து, கைகளால் துழாவி, அலை உடைகிற இடத்தைத் தாண்டுங்கள். அங்கே கடல் சட்டென்று அமைதியாகிவிடும். அப்போது ஒரு காலை மடக்கி மறுகாலின் முழங்கால்மேல் வைத்து ஃபின்ஸை மாட்டுங்கள், கூட்டாளி உங்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார், அப்புறம் நீங்கள் அவருக்கு.

மாட்டியதும் உடனே கீழே போய்விடாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா மிதந்து மூச்சு சீராகும் வரை இருங்கள். எனக்கு முதல் நாள் யாரும் இதைச் சொல்லவில்லை. நெஞ்சு படபடக்க இறங்கி, பத்தே நிமிடத்தில் 60 பார் (டேங்கின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு, நிரம்பிய டேங்கில் 200) காற்றைக் குடித்து முடித்திருந்தேன்.

இறக்கம்

வெட்சூட், டேங்க், உப்பின் அளவு எல்லாம் மாறியிருப்பதால் பழைய டைவ் குறிப்பேட்டில் எழுதி வைத்த ஈய எடையை அப்படியே நம்பக் கூடாது. சட்டையில் காற்றே இல்லாமல், சாதாரணமாக மூச்சு இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நிரம்பிய டேங்கோடு இப்படிச் சோதித்தால் கூடவே ஓரிரு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். அலுமினிய டேங்க் காலியாகக் காலியாக மேலே இழுக்கும். கரை டைவில் டைவின் கடைசிப் பகுதி ஆழம் குறைந்த இடத்தில் நடப்பதால், எடை குறைந்தால் கரையை நெருங்கும்போது கட்டுப்பாடில்லாமல் மேலே வந்து அலையில் மாட்டுவீர்கள். அதற்காக அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு பவளத்தின்மேல் உட்கார்ந்து எழவும் கூடாது.

காது வலிக்கத் தொடங்கிய பிறகு மூக்கைப் பிடித்து ஊதுவது தாமதம். தலை நீருக்குள் போவதற்கு முன்பே ஒரு முறை, அப்புறம் ஒவ்வொரு மீட்டருக்கும். முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும், காதுக்குக் கஷ்டம் அங்கேதான். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். கரையிலிருந்து போகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி: சரிவைப் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே, படிப்படியாக ஆழம் போகலாம். தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து ஒரே இறக்கமாக இறங்கினார்கள். நமக்கு அந்த அவசரம் இல்லை.

கீழே இறங்கியதும் இன்னொன்று. சம்மதம் என்பதற்கு நாம் தலையை ஒரு மாதிரி பக்கவாட்டில் ஆட்டுவோமே, அதைத் தண்ணீருக்குள் செய்யாதீர்கள். என் வழிகாட்டி அதைக் காதுவலி என்று எடுத்துக்கொண்டு என்னை மூன்று முறை மேலே கூட்டிப் போனார். கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, மேலே போகலாம் என்று அர்த்தம். விரலை வளைத்து வட்டம் காட்டுவதுதான் ‘எல்லாம் சரி’.

வழியும் காற்றும்

படகு டைவில் எங்கே மேலே வந்தாலும் படகு வந்து பொறுக்கிக்கொள்ளும். இங்கே இறங்கின இடத்துக்குத் திரும்பி வர வேண்டியது உங்கள் பொறுப்பு. இறங்குமுன் கரைக்கு நேர் செங்குத்தாகக் கடலைப் பார்த்துத் திசைகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். துலாம்பென்னில் கரை தெற்கே, கடல் வடக்கே என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். அதைவிட எளிது சரிவு: ஆழம் குறைகிற பக்கம்தான் கரை. மணலில் அலை போட்ட வரிகள் கரைக்கு இணையாக ஓடும். கப்பல் இணையாகக் கிடப்பதால் அதுவே ஒரு வேலி. போகும்போது கப்பல் வலப்பக்கம் என்றால் திரும்பும்போது இடப்பக்கம். நீரோட்டம் கொஞ்சம் இருந்தாலும் முதல் பாதி அதை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். போகும் வழியில் தோட்ட விலாங்குகள் மணலிலிருந்து நாற்று நட்டதுபோல நீட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் நெருங்கினால் மொத்தமும் உள்ளே போய்விடும், அவை இருக்கிற மணல்திட்டு நல்ல அடையாளம்.

கப்பலின் உடைந்த ஓட்டைகள் வழியே உள்ளே வெளிச்சம் தெரியும், நுழைந்து பார்க்க ஆசை வரும். பயிற்சியில்லாமல் நுழையாதீர்கள். வெளியே இருப்பதைப் பார்க்கவே நாலைந்து டைவ் போதாது.

காற்றுக் கணக்கு. 11 லிட்டர் டேங்கில் 200 பார் என்றால் 2200 லிட்டர் காற்று. 50 பார் தொடாமல் வைக்க வேண்டும், மீதி 1650. பதற்றமான புதியவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்று வைத்தால் 10 மீட்டரில் அது 40 ஆகும், 41 நிமிடம் வரும். 20 மீட்டரில் 60 ஆகும், 27 நிமிடம்தான். அதனால் 12 மீட்டருக்குள்ளேயே சுற்றுங்கள், பவளமும் வெளிச்சமும் அங்கேதான் அதிகம். நாங்கள் வைத்துக்கொள்கிற வழக்கம்: இருவரில் யாருக்கு முதலில் 110 பார் ஆனாலும் திரும்புகிறோம், 5 மீட்டருக்கு வரும்போது 70 இருக்க வேண்டும். அந்த 50 பாரை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அலைக்குள் புரளும்போதும் ரெகுலேட்டரில் காற்று வர வேண்டும்.

கூட்டாளி காணாமல் போனால் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், இல்லையா, மெதுவாக மேலே வந்துவிடுங்கள். அவரும் அதையே செய்வார், இதை இறங்குமுன் பேசியிருந்தால்.

பவளத்தின் நடுவே

நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் ‘பார்’ என்று சொல்வார்களே, அந்தப் பாறை உயிரோடு இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் மற்றதெல்லாம் தானே வரும். கொம்புக்கிளையாக வளர்கிற பவளம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் சுமாருக்கு வளரும், உருண்டையாக வளர்வது வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு ஃபின் உதை எத்தனை வருடத்தை உடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தமானி, மாற்று ரெகுலேட்டர் எதுவும் தொங்கக் கூடாது, சட்டையில் செருகுங்கள். மணலுக்கு மேலே போகும்போது சைக்கிள் மிதிப்பதுபோல் உதைக்காமல், தவளை மாதிரி காலை விரித்து உதைத்தால் புழுதி கிளம்பாது. பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் உயிரில்லாத வெறும் கல்லை ஒரே ஒரு விரலால். அதுவும் பார்த்துவிட்டு, ஏனென்றால் கல் மாதிரி இருப்பதெல்லாம் கல்லில்லை. கல்மீனும் தேள்மீனும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். சிங்கமீன் விசிறியை விரித்துக்கொண்டு நிற்கும், தொட ஆசைப்படாதீர்கள். இவற்றின் முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலையோ கையையோ வைத்திருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரிய கிளாத்தி மீன் ஒன்று உண்டு. முட்டையிட்ட காலத்தில் கூட்டைச் சுற்றி, மேல்நோக்கி விரிகிற புனல் மாதிரியான இடம் முழுவதையும் தன் பட்டா நிலம் என்று நினைக்கும். முறைத்துக்கொண்டு வந்தால் மேலே போகாதீர்கள், மேலே போகப் போக அதன் எல்லை அகலமாகும். பக்கவாட்டில் விலகி நீந்துங்கள், ஃபின்ஸை அதன் பக்கம் காட்டியபடி. பாரைக் கூட்டம் சுழன்று கடந்து போகும், தனியாக ஒரு பெரிய சீலா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவை ஒன்றும் செய்யாது. சங்கு, சோழி எடுக்காதீர்கள். கூம்புச் சங்குகளில் சில ஆளைக் கொல்லும் விஷம் உள்ளவை.

வெளியே வருவது

மூச்சை எப்போதும் அடக்காமல், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் ஏறுங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். படகு டைவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம், இங்கே அதே 5 மீட்டரில் பவளத்தைச் சுற்றிக்கொண்டே முடித்துவிடலாம். எனக்குக் கரை டைவ் பிடித்ததற்கு இது பெரிய காரணம்.

அலைக்கு வெளியே ஆழமான பக்கத்தில் மேலே வந்து, மிதந்தபடி கரையைப் பாருங்கள். குறித்துவைத்த அடையாளத்துக்கு நேரே வாருங்கள். மறுபடியும் ஓய்வுக்குக் காத்திருங்கள். பெரிய அலைக் கூட்டம் கடந்ததும், கடைசி அலையின் முதுகைத் தொடர்ந்து நீந்தி உள்ளே போங்கள், மாஸ்க்கும் ரெகுலேட்டரும் இடத்திலேயே இருக்கட்டும். கை தரையைத் தொடும் ஆழம் வந்ததும் ஃபின்ஸைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பு இங்கேதான். முழங்கால் ஆழம் வந்துவிட்டது, டைவ் முடிந்தது என்ற நினைப்பில் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு எழுந்து நின்று, திரும்பிக் கூட்டாளிக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் வந்தது பெரிய அலைகூட இல்லை. கற்கள் உருண்டன, நானும் உருண்டேன், ஒரு ஃபின் போயே போய்விட்டது, முழங்காலில் இன்றும் தழும்பு. கரையில் டேங்குக்காகக் காத்திருந்த அம்மா ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்து என் சட்டையின் பிடியைப் பற்றி இழுத்து வெளியே போட்டார்.

விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். நாலு காலில் தவழ்ந்தே வெளியே வாருங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை, அனுபவசாலிகளும் அலை நாளில் அப்படித்தான் வருகிறார்கள். கரை ஏறியதும் ஓரத்திலேயே உட்கார்ந்துவிடாமல், அலை தொடாத இடம் வரை போய்விடுங்கள். டேங்கை அங்கே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். டைவ் முடிந்த உடனே கனமானதைத் தூக்கி மூச்சு வாங்கினால், உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் குமிழாக மாற வாய்ப்பு அதிகம்.

அப்புறம்

கருவிகளை ஊறவைத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ரெகுலேட்டரில் டேங்கோடு பூட்டுகிற பகுதிக்கு மூடியைப் போட்டுவிட்டு. பூட்ஸுக்குள் கருமணல் புகுந்திருக்கும், அதை உதறாமல் பைக்குள் போட்டால் சென்னை வரை வரும்.

இரண்டு டைவுக்கு நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரம் விட வேண்டும், ஒரே ஒரு டைவ்தான் செய்தீர்கள் என்றால் 12. இது எல்லோருக்கும் தெரியும். பாலியில் பலர் கோட்டை விடுவது மலையில். மத்தியானம் துலாம்பென்னில் டைவ் முடித்துவிட்டு, சாயங்காலம் கிந்தாமணி வழியாக ஊபுத் போகலாம், மறுநாள் விடியலில் பாத்தூர் மலையேறிச் சூரியோதயம் பார்க்கலாம் என்று சுற்றுலாக்காரர்கள் அழகாகத் திட்டம் போட்டுத் தருவார்கள். கிந்தாமணி சுமார் 1500 மீட்டர் உயரம், பாத்தூர் உச்சி 1700-க்கும் மேலே. மேலே காற்றழுத்தம் குறைவதால் உடம்புக்கு விமானமும் மலையும் ஒன்றுதான். மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள், அல்லது ஓட்டுநரிடம் கிழக்குக் கரையோரச் சாலையில் அம்லாபுரா வழியாகவே திரும்பச் சொல்லுங்கள். மூட்டு வலி, தோலில் அரிப்பு, மரத்துப்போவது, காரணமில்லாத அசதி என்று நைட்ரஜன் குமிழின் அறிகுறி ஏதாவது தெரிந்தால் ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று விடாமல் உடனே டைவ் மையத்தில் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.

முதல் நாளுக்கு என் அட்டவணை இது: காலை ஆறரைக்குக் கோரல் கார்டன், 10 மீட்டர், வழிகாட்டியோடு. சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்கு மேல் கூட்டம் கலைந்ததும் அதே கோரல் கார்டன், இந்த முறை திசைகாட்டியை நீங்கள் பிடியுங்கள், வழிகாட்டி பின்னால் வரட்டும். கப்பல் மறுநாள் விடியற்காலையில். எண்பது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடக்கிறது, ஒரு நாளில் எங்கும் போய்விடாது.